சட்டத்துக்கு வெளியே நிற்பவன்

விருதுநகர்க்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் விற்று நாலு காசு பார்த்துவிடுவான் என்பார்கள். பருப்பு, எண்ணெய், வத்தல், மல்லி என்று இந்த ஊரில் விலை கூறாத சரக்கு குறைவு. இங்கேயே பிறந்து, ஒரு பருப்பு மண்டியில் கணக்கெழுதியே தலை நரைத்த எனக்கு, முகத்தையும் சரக்காக்கலாம் என்பது என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அதுவும் பெரிய மனிதர்கள் முகமில்லை. பல் முளைக்காத பிள்ளைகள், நாய்க்குட்டிகள், பூனைகள். ஒரு தடவை சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கிடாய். கோயில் கொடைக்கு முன்னால் படம் கைக்கு வந்தாக வேண்டும் என்று அதன் சொந்தக்காரர் அவசரப்படுத்தினார். அவசரத்தின் காரணம் எங்களுக்குப் புரிந்தது. கிடாய்க்குப் புரியாததால் படம் நன்றாக வந்தது.

மகள் சென்னையில் விஸ்காம் படித்தாள். டிவியில் சேருவாள், சினிமாவில் பெயர் போடுவார்கள் என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவள் ஒரு பெட்டி நிறைய லென்சும், கைக்கு அடங்காத வெள்ளைக் குடைகளுமாக ரயிலை விட்டு இறங்கினாள். மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஊருக்கு இத்தனை குடை எதற்கம்மா என்றேன். வெளிச்சத்துக்கு என்றாள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதற்கும் போகமாட்டாளாம். குழந்தைகளையும் வீட்டுப் பிராணிகளையும் மட்டும்தான் எடுப்பாளாம்.

"காது குத்துறதும் குழந்தைக்குத்தானடி?" என்று என் மனைவி நியாயமான ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள்.

"குத்துறதுக்கு முன்னாடின்னா எடுப்பேம்மா. குத்தினப்புறம் எந்தப் பிள்ளை சிரிக்கும்?"

பதிலில் தொழில் தெரிந்த வாடை அடித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மூட முடியாமல் போனது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்தான். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். போட்டோகிராபர் என்றேன். கல்யாண ஆர்டரெல்லாம் நிறைய வருமே என்றார்கள். கல்யாணம் எடுப்பதில்லை, நாய் எடுக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வீட்டுலயும் ஒரு பொமரேனியன் இருக்கு அண்ணாச்சி" என்றார். சம்பந்தம் கூடவில்லை. பொமரேனியன் அடுத்த வாரமே வந்து படம் எடுத்துக்கொண்டு போயிற்று.

ஸ்டூடியோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது மாடி அறை. வடக்குப் பார்த்த ஜன்னல், நாள் முழுக்க வெயில் விழாத, ஒரே சீரான வெளிச்சம் என்று அதற்கு ஆயிரம் பெருமை சொன்னாள். அந்தப் பெருமைகளெல்லாம் எனக்கும் தெரியும். அவற்றை உத்தேசித்துத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கே படுத்துவந்தேன். கட்டில் வெளியே போயிற்று. கட்டிலோடு நானும் போயிருப்பேன். உதவியாளர் உத்தியோகம் காலியாக இருந்ததால் நிறுத்திக்கொள்ளப்பட்டேன்.

உத்தியோகம் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் போட்டோ எடுப்பவர்தான் போட்டோ எடுக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை, நாய் விஷயத்தில் அது பாதி உண்மை. பொத்தானை அமுக்குகிறவர் ஒருவர். அந்த நொடியில் அந்த ஜீவன் லென்சைப் பார்க்கும்படி செய்கிறவர் இன்னொருவர். அவர் கிலுகிலுப்பை ஆட்டுவார், மாடு மாதிரி கத்துவார், தலையில் துண்டைப் போட்டு எடுப்பார். குழந்தை ஒரு பக்கமாகச் சாயும்போது கையை மட்டும் நீட்டித் தாங்குவார். படத்தில் அவர் இருக்க மாட்டார். இருந்தால் படம் பாழ்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கஷ்டம் இல்லை என்று அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாகேர் 1839இல் தன் முறையை வெளியிட்ட பிறகு வந்த பல வருஷங்களுக்கு, ஒரு படம் விழப் பல விநாடி ஆகும். பெரியவர்கள் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவட்டையை முட்டுக் கொடுத்து அசையாமல் உட்கார வைப்பார்கள். கைக்குழந்தையை என்ன செய்வது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாயின் தலையோடு ஒரு திரைச்சீலையைப் போட்டு மூடி, நாற்காலி என்று நம்பவைத்து, மடியில் பிள்ளையை உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. கொழுகொழுவென்று ஒரு குழந்தை. பின்னால் பூப்போட்ட துணி மூடிய ஒரு குன்று. குன்றுக்கு இரண்டு கைகள். மகள் அதைக் காட்டிவிட்டு, கையில் ஒரு சாம்பல் நிறப் போர்வையைக் கொடுத்தாள். அன்றிலிருந்து நானும் குன்று.

கல்கத்தாவில் பிறந்து இலங்கையில் காலமான ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற அம்மாளைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். அந்த அம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயதில் கேமராவைப் பரிசாகக் கொடுத்தது அவருடைய மகளாம். அதை வைத்துக்கொண்டு உறவுக்காரக் குழந்தைகளுக்கு இறக்கை கட்டித் தேவதைகளாக்கிப் படமெடுத்து, உலகப் புகழ் பெற்றுவிட்டார். அவர் மகள் கேமரா கொடுத்தாள். என் மகள் போர்வை கொடுத்தாள். பிறந்த நேரம்.

எங்கள் பக்கத்துக்கு இந்தத் தொழில் புதிதென்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியா முழுவதும் சுவரில் தொங்கிய குழந்தைகளும் நாய்க்குட்டிகளும் கிளிகளும் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரத்தில் அச்சானவைதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் சிவகாசியில் ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு அதைச் சும்மா போட்டுவைக்க எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. காலண்டர், வாழ்த்து அட்டை, நோட்டு அட்டை என்று கிளம்பிவிட்டார்கள். லேபிளில் எழுத்தைவிடப் படம்தான் முக்கியம். எழுதப் படிக்கத் தெரியாதவரும், தமிழே தெரியாத பீகார்க்காரரும் கடையில் போய்ப் படத்தைச் சொல்லிக் கேட்கலாம். சேவல், மயில், அணில் என்று பட்டாசுக் கட்டுகளில் உட்கார்ந்த மிருகங்கள் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த பிராணிப் படங்களை வைத்திருந்த ஊர் என்று சிவகாசியைச் சொன்னால் யாரும் என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சாமிப் படம் பக்கத்தில் கோவில்பட்டியிலிருந்து வரும். 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கி, 1940களில் தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஆரம்பித்தார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும் கண்ணனும் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு பூஜையறைக்குள் போனார்கள். அந்தக் கண்ணன் முகத்தில் இருக்கும் சிரிப்பை இப்போது பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை வரும். வரைகிறவருக்குப் பிள்ளை பசித்து அழாது. மயில் பீரோ மேல் ஏறிக்கொள்ளாது. பசு, பேக்ரவுண்ட் துணியைத் தின்னாது.

காலண்டர் குழந்தைகளில் இன்னொரு வகை உண்டு. நீலக்கண், ரோஸ் கன்னம், தலையில் கம்பளித் தொப்பி. டீக்கடையிலும் சலூனிலும் சிரித்துக்கொண்டிருக்கும். எந்த நாட்டுப் பிள்ளை என்று யாரும் விசாரித்ததில்லை. வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால் அப்படி ஒரு படத்தைக் கட்டிலுக்கு எதிரில் மாட்டிவிடுவார்கள். தினமும் பார்த்தால் பிள்ளை அப்படியே பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. என் மனைவிக்கும் மாட்டினார்கள். அவளும் மனசாரப் பார்த்தாள். பிறந்தபோது காலண்டர் மூக்கு வரவில்லை. என் மூக்குதான் வந்தது. அந்த மூக்கைக் கேமராவின் பின்பக்கத்தில் அழுத்திக்கொண்டு என் மகள் இப்போது ஊரார் பிள்ளைகளைப் படமெடுக்கிறாள். கண்ணை வைக்கும் இடத்தில் மூக்கு இடிப்பதாகச் சொல்லி மாதத்துக்கு ஒரு தடவையாவது என்னைப் பார்ப்பாள்.

எங்கள் காலத்தில் ஒரு பிள்ளையை எடுக்க ஒரு ஃபிலிம். ஆக்ஃபா க்ளிக்-III வைத்திருப்பவர் பணக்காரர். அதிலும் ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஊட்டியில் அரசாங்கமே ஆலை வைத்து 'இந்து' என்று ஃபிலிம் போட்ட பிறகும் ஸ்டூடியோக்காரரின் கை நீளவில்லை. "ரெடி" என்பார். அமுக்குவார். அவ்வளவுதான். நீங்கள் கண்ணை மூடியிருந்தால் பரம்பரைக்கும் அப்படியே மூடியிருக்க வேண்டியதுதான். மகளோ ஒரு பிள்ளைக்கு நூற்றுக்கணக்கில் எடுக்கிறாள். எடுத்துவிட்டு, இதில் ஒன்றுகூடத் தேறவில்லை என்கிறாள்.

எனக்கும் ஒரு குழந்தைப் படம் இருக்கிறது. இருக்கன்குடியில் முடியிறக்குவதற்கு முன்னால், இருக்கிற முடிக்கு ஒரு படம் எடுத்துவிடலாமென்று எடுத்தது. பையன்களுக்கும் அப்போது பாவாடை கட்டி, சடை பின்னி, தாழம்பூ தைத்துவிடுவது வழக்கம். சடை தெரிய வேண்டுமே! அதற்காகப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்துவார்கள். என் படத்தில் முன்னால் பாவாடையோடு வாயைப் பிளந்து நான். கண்ணாடியில் என் சடை. சடைக்குப் பக்கத்தில், கேமராவுக்கு அருகே நின்றுகொண்டு, கையில் கிலுகிலுப்பையோடு முப்பத்திரண்டு பல்லும் தெரிய என் அப்பா. அவர் வத்தல் கமிஷன் கடையில் தராசு பிடித்தவர். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஊருக்கு நடுவில் நின்று சிரிக்கிற ஆள் இல்லை. வீட்டிலும் இல்லை. அவர் சிரித்ததற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அந்தக் கண்ணாடி மூலைதான். ஆக, இந்த உத்தியோகம் எங்களுக்குப் பரம்பரைப் பாத்தியதை.

தொழிலில் கடினமான வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், இராசபாளையம் நாய் என்பேன். எங்கள் மாவட்டத்துக்குக் காமராசர், பால்கோவா, பட்டாசு இவற்றோடு பெருமை சேர்க்கும் ஜீவன் அது. தலை முதல் வால் வரை பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. 2005இல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய் ஆகியவற்றோடு இதுவும் இடம் பிடித்தது. தபால்தலையில் இருப்பது ஓவியம். ஏன் ஓவியர்களைக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் என்று ஒரு எண்ணம். வெள்ளையைக் காட்டினால், ஐயையோ வெளிச்சம் ஜாஸ்தி என்று பயந்து குறைத்துவிடும். அது சொன்னபடி எடுத்தால் பால் வெள்ளை நாய் சிமென்ட் நிறத்தில் விழும். மகள் ஒன்றரை ஸ்டாப் ஏற்றுவாள். கொஞ்சம் கூடினால் ரோமமெல்லாம் கரைந்து, வெள்ளைச் சுவரில் மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் ஒட்டியிருக்கும். மூக்கு வேறு ரோஸாகவே விழ வேண்டும். "மூக்கு கறுத்துத் தெரிஞ்சா நாட்டு நாய்னுருவாங்க பாப்பா" என்று, நாயை அழைத்துவந்த மில் முதலாளி ஒருவர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்.

அதெல்லாம் அவள் கவலை. என் கவலை வேறு. இந்த ஜாதியில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. நான் கிலுகிலுப்பை ஆட்டினேன். பூனையாகக் கத்தினேன். எட்டுக்கட்டை சுருதியில் விசிலடித்தேன். அந்த நாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இராசபாளையத்துக் கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தது. முதலாளிதான் சொன்னார், தரையில் காலால் தட்டினால் அதிர்வில் திரும்பும் என்று. தட்டினேன். அரைக் கண்ணால் பார்த்தது. குதித்தேன். முழுசாகத் திரும்பியது. இரண்டு காதையும் தூக்கி, இந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற அந்த முகம் இருக்கிறதே, அதுதான் படம்! கீழே அடுப்படியில் சாம்பாருக்குள் சுண்ணாம்பு உதிர்ந்தது. "மாடியில என்ன, உரலா இடிக்கிறீங்க?" என்று கேட்ட என் மனைவிக்கு மகள் பதில் சொன்னாள்: "அப்பா வேலை பாக்குறாங்கம்மா."

இப்போதைய கேமராக்களுக்கு ஒரு புத்திசாலித்தனம் உண்டு. மிருகம் என்று அமைத்துவிட்டால், நாய் பூனைகளின் கண்ணைத் தானே தேடிப்பிடித்து ஒரு சின்னக் கட்டம் போட்டுக் குறி வைத்துக்கொள்ளும். அன்றைக்கு நான் குதித்த வேகத்தில் சட்டத்துக்குள் வந்துவிட்டேன் போலிருக்கிறது. கட்டம் நாயை விட்டுவிட்டு என் கண்ணில் வந்து உட்கார்ந்தது. மகள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அவள் தாத்தா குணம்.

பெற்றோர்கள் ஒரு தனி இனம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ் என்ற பெண்மணி பூந்தொட்டியிலும் முட்டைக்கோசிலும் கைக்குழந்தைகளை உட்காரவைத்து எடுத்த படங்கள் 1996இல் புத்தகமாக வந்து உலகம் பூராவும் போயின. அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அப்படியே வேண்டும் என்று வருகிறார்கள். எங்கள் ஊர்க் காய்கறிக் கடையில் பிள்ளை கொள்ளும் அளவுக்கு முட்டைக்கோசு கிடையாது. பித்தளை உருளி, நெல் மரக்கால், தொட்டில் சேலை என்று மகள் உள்ளூர்ச் சாமான்களுக்கு மாற்றிக்கொண்டாள். அழகாகத்தான் இருக்கிறது. வத்தல் வியாபாரி ஒருவர் தன் பேரனை வத்தல் அம்பாரத்தின் மேல் உட்காரவைத்து எடுக்க முடியுமா, சிவப்பு நன்றாக எடுக்குமே என்றார். எடுக்கும். பிள்ளையும் சிவந்துவிடும்.

"கொஞ்சம் கலரா ஆக்கிருங்க" என்கிற வேண்டுகோள்தான் எனக்கு எரிச்சல். ஃபிலிம் காலத்திலும் நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுக்க வைக்கும் டச்சிங்காரர் ஸ்டூடியோவுக்கு ஒருவர் இருப்பார். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு இழுப்பு. மகள் முடியாதென்று சொல்லிவிடுகிறாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கறுத்த பிள்ளையின் கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கத் தெரியாதவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகலாம் என்பது அவள் கொள்கை. கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் திக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் அவள் சொல்வதே சரி. நாய் வெள்ளையாக விழவேண்டுமென்று ஒன்றரை ஸ்டாப் ஏற்றுகிறவள், பிள்ளை தன் நிறத்திலேயே விழவேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதில் முரண்பாடு ஒன்றுமில்லை. இரண்டும் உள்ளதை உள்ளபடி எடுப்பது.

ஜூலை 15 வந்தால் எங்கள் படிக்கட்டு முழுக்கக் காமராசர்கள். அவர் பிறந்த ஊர். அவர் பிறந்தநாள் பள்ளிக்கூடங்களில் கல்வி வளர்ச்சி நாள். மாறுவேடப் போட்டி இல்லாமலா? முழங்கால் வரை வெள்ளைச் சட்டை, நாலு முழ வேட்டி, தோளில் துண்டு, உதட்டுக்கு மேல் மையால் தீட்டிய மீசை. ஒரு காமராசர் தூங்கிவிடுவார். ஒரு காமராசர் இன்னொரு காமராசரின் மீசையை அழித்துவிடுவார். வேட்டி அவிழ்ந்த காமராசரைப் பிடித்துக் கட்டிவிடுவது உதவியாளர் வேலை. யாரையும் சிரிக்கவைக்கக் கூடாது என்று டீச்சர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். பெருந்தலைவர் கம்பீரமாக இருக்க வேண்டுமாம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என் கிலுகிலுப்பைக்கு விடுமுறை.

சிவகாசியிலிருந்து அழைப்பு வந்தால் சாமான்களோடு நாங்களே போவோம். பட்டாசுக்காரர் வீட்டு நாய் எப்படி நடுங்கிக் கிடக்குமோ என்று முதலில் பரிதாபப்பட்டேன். சாயங்காலம் எங்கோ சாம்பிள் வெடித்துப் பார்த்தார்கள். எனக்குக் கையிலிருந்த குடை நழுவியது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம். ஆனால் மகள் கேமராவை எடுத்து ஒரு 'க்ளிக்' செய்தாளோ இல்லையோ, ஒரே பாய்ச்சலில் டைனிங் டேபிளுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. முறுக்கைக் காட்டி அதை வெளியே வரவழைத்தவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எல்லா நாய்களும் அந்த நாய் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டும் வெடிக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வைத்தார்கள். எங்கள் தெரு நாய்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, தெருப் பையன்களுக்கும்தான். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காக ஊரே வெடிக்காமல் இருக்கிறது. அதை இந்தப் பக்கத்து ஆட்களிடம் சொன்னால் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், "நல்ல விஷயம்தான்" என்பார்கள். தீபாவளி முடிந்தால் ஆலைகள் மூடி, பூஜை போட்டுத் திரும்பத் திறக்கிற வரை ஒரு இடைவெளி இருக்கும். போனஸ் பணமும் ஓய்வும் ஒன்றாகக் கிடைக்கிற அந்த நாட்களில்தான் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கையில் கம்பி மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தை, பட்டாசுப் பெட்டிகளில் நாம் எல்லோரும் பார்த்த படம். அதே மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. பற்றவைக்காத மத்தாப்பு என்றால் மகள் சம்மதிப்பாள். இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வரும். ஒரு காலத்தில் பொழுது விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரும். அட்டையில் ஒரு குழந்தை சிரிக்கும். உள்ளே குச்சியை அடுக்கியதும் ஒரு குழந்தை. குட்டி ஜப்பான் என்று பட்டப்பெயர் வாங்கிய சிவகாசியின் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படம் எடுத்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நிலைமை நிறைய மாறிவிட்டது. அன்றைக்கு அந்த பஸ்ஸில் போன பிள்ளைகள் இன்று தங்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடி ஏறுகிறார்கள். "எங்களையெல்லாம் யாரு போட்டோ எடுத்தா?" என்று ஒரு ஆச்சி கேட்டார். அவருக்கு மகள் பணம் வாங்காமல் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். நான் செலவுக் கணக்கில் எழுதவில்லை.

வரவு செலவு என்று வந்தால் பேரம் இல்லாமல் இருக்காது. "அரைமணி நேரந்தான ஆச்சு?" "பையன் அசையாம இருந்தான்ல, கொஞ்சம் குறைச்சுக்கோங்க அண்ணாச்சி." நாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே ரேட்டா என்று சண்டைக்கு வந்த ஒரு பாட்டியிடம் என் மனைவி, "பிள்ளை கடிச்சா நாங்க ஊசி போட்டுக்க வேண்டாம் ஆச்சி. அதைப் பார்த்தா நாய்க்குத்தான் கூடப் போடணும்" என்றாள். ஊசி போட்டுக்கொண்ட 'நாங்க' நான்தான். அமெரிக்காவில் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் என்பவர் பூனைக்குட்டிகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் சட்டை போட்டுப் படமெடுத்தே ஜீவனம் நடத்தியிருக்கிறார். உடைகளைத் தைத்துக் கொடுத்தது அவர் அம்மா. முயல்தான் எடுக்க எளிது, ஆனால் நடிப்பு வராது. பூனைக்குட்டிதான் பெரிய நடிகர் என்பது அவர் அனுபவம். நம் சாண்டோ சின்னப்பா தேவர் ஆட்டையும் யானையையும் வைத்து வெள்ளிவிழா கண்டார். இவர்கள் யாருக்கும் இல்லாத ஒரு சௌகரியம் என் மகளுக்கு இருக்கிறது. அவளுடைய உதவியாளருக்குச் சம்பளம் கிடையாது.

ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். சாமி, இயற்கைக் காட்சி, தலைவர்கள், குழந்தைகள் என்று வகை வகையாக அட்டைகள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். அதில் ஒரு வருஷம் மகள் எடுத்த படம் ஒன்று ஏறிவிட்டது. தவழும் குழந்தையும் இராசபாளையம் குட்டியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வது. நல்ல படம். குழந்தை முன்னால் குப்புற விழாமல் இருக்க, கீழே இடது ஓரத்தில் என் கை நீண்டிருக்கும். அழித்துவிடட்டுமா என்று மகள் கேட்டாள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். தினசரித் தாள் ஒட்டும் அட்டையில் கடைப் பெயர் போட ஒரு பட்டை விடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு ஆசை. அச்சாகி வந்தபோது என் கை இருந்த இடத்தில், 'எங்களிடம் முதல் தரமான உளுந்தம்பருப்பு, துவரம்பருப்பு மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்' என்று இருந்தது. பருப்பு மண்டியில் உழைத்த கைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று என் மனைவி சொல்கிறாள்.

படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு கூட்டி வாருங்கள். நாயைத் தெருவில் கொஞ்ச தூரம் ஓடவிட்டுக் களைப்பாக்கிக் கொண்டுவாருங்கள்; தடுப்பூசிச் சீட்டும் கையில் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் நாய், பூனை எடுப்பதில்லை. புதுச் சட்டை கழுத்தை அறுக்கும், பழசே போதும். பிள்ளையின் அப்பா கட்டாயம் வர வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் நல்லது, தரையில் படுக்க வசதி. போர்வை, கிலுகிலுப்பை எல்லாம் இங்கே இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி.